அரை டம்ளர் தண்ணீர்

ஜனவரி 18, ஞாயிறு. திருப்பூர்

பயந்தது: தொட்டில் கொக்கி கழன்று விழும் என்று.
நடந்தது: விழவில்லை.

டாக்டரம்மா இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். மயூரி பிறந்ததிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்ட பயத்துக்கு ராத்திரி ஒரு மாத்திரையும் இந்த நோட்டும்தான் வைத்தியம். அன்றன்றைக்குப் பயந்ததை எழுத வேண்டும். மறுநாள் அது நடந்ததா என்று பக்கத்தில் எழுத வேண்டும். “கொஞ்ச நாள் கழிச்சு நீயே படிச்சுப் பாரும்மா, சிரிப்பு வரும்” என்றார். இதுவரை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். குக்கர் வெடிக்கவில்லை. பால் புரையேறவில்லை. மாடிப்படியில் யாரும் உருளவில்லை. சிரிப்பும் வரவில்லை.

இன்று எழுத வேண்டியது வேறு. என் வீட்டுக்காரர் லோகு, ஞாயிறென்றும் பாராமல் போன கம்பெனியிலிருந்து வரும்போதே முகத்தில் வெளிச்சத்தோடு வந்தார். அவருடைய முதலாளி சென்னியப்பன் அய்யா, பனியன் ஏற்றுமதியில் சம்பாதித்ததை வைத்து இந்தோனேசியப் பக்கம் ஒரு குட்டித் தீவில் ரிசார்ட் கட்டப் போகிறார். அதற்குப் பூமிபூசை. வாடகைக்கு எடுத்த தனி ஜெட் விமானத்தில் போகிறார்கள். நாங்களும் போகிறோமாம்.

“நாம எதுக்குங்க?”

“மொதல் செங்கல்லு நீதான் எடுத்து வெக்கோணும். இடுப்புல மயூரியோட.”

தலைச்சன் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்த சுமங்கலி முதல் கல் வைத்தால் கட்டடம் நிலைக்கும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். அய்யாவின் மருமகள் அபிநயா அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. கம்பெனியில் யார் யார் வீட்டில் என்ன குழந்தை என்று பார்த்ததில் அகப்பட்டவள் நான்.

மாமியார் போனில் குதிக்கிறார். “ஏரோபிளேனு, அதும் தனி ஏரோபிளேனு! அங்க போயி மூஞ்சிய உம்முனு வெச்சுக்காத அம்மிணி. லோகுவுக்குத்தான் கெட்ட பேரு.”

அந்தத் தீவே ஓர் எரிமலைதான் என்பதை வீட்டுக்காரர் கடைசியில் சொன்னார், சட்டையைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்தபடி. “தூங்குற மலை அது. நம்ம ஊதியூர் மலையாட்டம்னு வெச்சுக்கோ.”

மயூரிக்கு வீசிங் உண்டு. ஊதுவத்திப் புகைக்கே நெஞ்சு இழுக்கும். எரிமலைக்கு என்ன வாசம் இருக்கும் என்று கேட்டேன். “ஆரம்பிச்சிட்டியா” என்றார்.

பயந்தது: மலை. புகை. மூச்சு.

ஜனவரி 19, திங்கள்

நெபுலைசர் மிஷின், மாஸ்க் இரண்டு, மருந்து, பாலாடை, கேழ்வரகுக் கூழ் மாவு, டயப்பர், சளித் தைலம், அவர் போன மாதமே எடுக்கவைத்த பாஸ்போர்ட்டுகள். மஞ்சள் பூசிய செங்கற்கள் ஊரிலிருந்தே வருகின்றன. அந்தத் தீவில் கல்லே கிடையாதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய். தீவு

பயந்தது: விமானம் விழும்.
நடந்தது: விழவில்லை. எனக்கே ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, அவ்வளவு மெத்தென்று போனது.

கோயம்புத்தூரில் ஏறும்போது பைகளை மட்டுமல்ல, எங்களையும் எடை போட்டார்கள். தீவின் ஓடுதளம் குட்டையாம். அய்யா மிஷின் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, “அம்மிணி, நீ பாப்பாவையும் தூக்கிட்டு ஏறுனாக்கூட என்ற பாதி வரமாட்ட” என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஏறியதும் மயூரியை மடியில் வாங்கி ஜன்னலில் மேகம் காட்டினார். உள்ளே சோபா மாதிரித் தோல் இருக்கைகள். அபிநயா அக்கா எதிரே உட்கார்ந்து மயூரியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தொட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் காலை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் தொடவில்லை.

கேப்டன் ஜெபராஜ் தூத்துக்குடிக்காரர். நடுவில் ஓர் ஊரில் எரிபொருளுக்கும் பாஸ்போர்ட் முத்திரைக்கும் இறங்கினோம். மறுபடி ஏறும்போது என்னிடம் வந்து, “எறக்கும்போது காது அடைக்கும். பிள்ளைக்கு எதாச்சும் சப்பக் குடுத்துக்கிடுங்கம்மா” என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் சட்டென்று எழுந்து, “வாங்க கேப்டன், முன்னாடி போயிப் பேசிக்கலாம்” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேலிருந்து பார்த்தால் தீவு கடலில் கவிழ்த்து வைத்த கரிச்சட்டி. உச்சியில் நூல் மாதிரி வெள்ளைப் புகை.

“தூங்குற மலைன்னீங்க.”

“தூங்குறவங்க மூச்சு விடமாட்டாங்களா?” என்றார். அய்யா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பயந்தது: அந்த நூல்.

ஜனவரி 21, புதன்

மண் கறுப்பு. மணல் கறுப்பு. மயூரி தவழ்ந்து வந்தால் முழங்கால் கறுப்பு. விருந்தினர் விடுதி மரவீடு. சமையல் பார்க்கும் மார்த்தா இந்த ஊர்க்காரப் பெண், என் அம்மா வயது இருக்கும். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. ஆனாலும் மயூரியின் மூக்கு ஒழுகுவதைப் பார்த்து ஏதோ இலையைக் கசக்கிக் கொண்டுவந்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன், போடவில்லை.

காற்றில் தீக்குச்சி உரசிய வாசம். தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் வருமே, அது. மயூரிக்கு இரண்டு தடவை மிஷின் வைத்தேன். கரண்ட் ஜெனரேட்டரில் வருகிறது, இரவு நிறுத்திவிடுவார்களாம். பகலிலேயே சார்ஜ் போட வேண்டும்.

மத்தியானம் மயூரியைத் தூங்கவைத்துப் பக்கத்தில் படுத்திருந்தேன். கட்டில் நடுங்கியது. யாரோ கட்டில் காலைப் பிடித்து மெல்ல உலுக்குகிற மாதிரி. நிற்கும், மறுபடி வரும். அவர் அந்தப் பக்கம் படுத்திருந்தார், கண் திறந்துதான் இருந்தது.

“ஏனுங்க, ஆடுது.”

“எது?”

“கட்டில்.”

“உனக்குத்தான் நடுங்குது தாரணி. கையப் பாரு.”

பார்த்தேன். என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“மாத்திர போட்டியா?”

“ராத்திரிக்குத்தானுங்க.”

“இப்ப ஒண்ணு போடு. டாக்டர் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க.”

போட்டேன். சாயங்காலம் வரை தலை பஞ்சாக இருந்தது.

பூசை நாளைக் காலை என்று இருந்தது. சாயங்காலம் ஜோசியர் போன் செய்தார். அவர் முகூர்த்தம் குறித்தது திருப்பூர்ச் சூரிய உதயத்தை வைத்து. இங்கே சூரியன் முந்தியே உதித்துவிடுகிறது. இந்த ஊர் உதயப்படி கணக்குப் பார்த்தால் வியாழக்கிழமை முகூர்த்தம் அடிபட்டுப் போகிறதாம். வெள்ளிதான் உத்தமம் என்கிறார்.

“சூரியன் அங்கயும் ஒண்ணுதான, இங்கயும் ஒண்ணுதான?” என்று அபிநயா அக்கா கேட்டாள்.

“ஏனம்மிணி, எடஞ்சலுக்குப் பேசாத. செய்யறத நறுக்கா செய்யோணும்” என்றார் அய்யா. ஒரு நாள் தள்ளிப்போட்டாகிவிட்டது.

கேப்டன் வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயந்தது: கட்டில் ஆடியது. (இது என் நடுக்கம் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் இதை எந்தப் பக்கம் எழுதுவது?)

ஜனவரி 22, வியாழன்

காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் உடம்பை நான் நம்ப முடியாது. மயூரியின் எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஜன்னல் பலகையில் வைத்தேன். நான் அதைத் தொடவில்லை. தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. என் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. பிறகு தண்ணீரின் நடுவிலிருந்து ஒரு வட்டம் புறப்பட்டு விளிம்புக்குப் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி கிர்ரென்றது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அபிநயா அக்கா.

“நேத்து மத்தியானம் உனக்கும் ஆடுச்சா?” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது பயத்தால் அல்ல. என்ன சொல்வது அதை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் தலையாட்டினேன்.

“மாமாகிட்ட சொன்னேன். பில்டிங் புதுசு, மரம் செட்டாகுதுங்கறாரு” என்றாள் அக்கா. “வா, கேப்டனக் கேக்கலாம்.”

கேப்டன் விமானத்தின் இறக்கையை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டுத் துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மயூரியைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கேப்டன், மலை ஆடுதுங்களா?” என்று நேராகவே கேட்டேன்.

“என்னம்மா இப்படிக் கேக்குதிய? சனிக்கிழமையே லோகு சார்கிட்ட போன்ல சொல்லிட்டேனே. மலை முழிச்சுக்கிட்டு இருக்கு, இங்க உள்ள ஆபீசர்மாரு உஷார்ப்படுத்தியிருக்காவ, பூசைய ஒரு மாசம் தள்ளி வைங்கன்னு. இன்னைக்கே கெளம்பிருவோம்னு காலைலயும் சொன்னேன். பெரியவர் எங்க ஆபீசுல பேசி வெள்ளி வரைக்கும் நிக்கச் சொல்லிட்டாரு.” மறைத்த துணியை விரித்துக் காட்டினார், சாம்பல் படிந்திருந்தது. “சாம்பல் இன்ஜினுக்குள்ள போச்சுன்னா உருகிக் கண்ணாடியா ஒட்டிக்கிடும். இன்ஜின் நின்னுரும். இப்ப காத்து கடல் பக்கமா அடிக்கி. இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா நான் எவருக்காகவும் காத்திருக்க மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை. எங்களுக்குச் சேதி சொன்னது ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானத்துக்கு மேல் மார்த்தா சமையலறையைக் கூட்டிப் பெருக்கி, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, கோழிகளைக் கூடையில் போட்டுக் கட்டிக்கொண்டாள். கீழே படகுத்துறையில் கூட்டம். பாய், பானை, கிழவர்கள், நாய்கள், எல்லாம் பெரிய தீவுக்குப் போகிறார்கள். மார்த்தா என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். மயூரிக்காக. பிறகு என்னையும் காட்டி, படகைக் காட்டினாள். நான் விமானத்தைக் காட்டினேன். அவள் மலையைக் காட்டினாள். அதற்கு மேல் எங்களிடம் சைகை இல்லை. மயூரியின் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போனாள். கட்டைவிரல் பட்ட இடத்தில் கறுப்பு.

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பது உண்மை. ஒரு நிமிஷம்தான்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

“அய்யா சொன்னாருப்பா, உன்கிட்ட சொல்லவேண்டாம்னு. நீ வரமாட்டேன்னுருவ. பூசையே உன்னையும் பாப்பாவையும் வெச்சுத்தான். நான் என்ன பண்ணட்டும்?”

“நேத்து கட்டில் ஆடுனது?”

அவர் மயூரியின் காலுறையை எடுத்து உதறி மடித்தார். மறுபடி உதறினார்.

“ஆடுச்சு” என்றார்.

“அப்ப நான் போட்ட ரெண்டாவது மாத்திர?”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நாளைக்குக் கிளம்பத் தோதாகத் துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவருடைய சட்டைகள் மட்டும் விட்டுப்போய்விட்டன, மறந்துவிட்டேன் போல.

பயந்தது: நாளைக்குக் காற்று திரும்பும்.

ஜனவரி 23, வெள்ளி

மயூரி மூச்சு விடுகிறாள். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜனவரி 24, சனி. நடுவழி ஊர், ஹோட்டல்

பெயர் வாயில் நுழையாத ஓர் ஊரில் இருக்கிறோம். மயூரிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது தூங்குகிறாள். மூக்கு மடல் விரியவில்லை, விலா உள்ளே போகவில்லை. நான் பத்துத் தடவை பார்த்தாயிற்று. எழுதினால்தான் தலையைவிட்டுப் போகும் என்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வானம் சுத்தமாக இருந்தது. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. பூசை இடம் ஓடுதளத்துக்கு மேலே ஒரு சரிவு. அங்கிருந்து பார்த்தால் விமானம் பொம்மை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. குழி வெட்டிக் கோலம் போட்டிருந்தது. கறுப்பு மண்ணில் கோலமாவு அவ்வளவு எடுப்பாக இருந்தது. கும்பம், தேங்காய், வாழையிலை, மஞ்சள் பூசிய செங்கல், புகை மயூரி பக்கம் வராமல் தள்ளி வைத்த சின்ன ஹோமக் குண்டம்.

மந்திரம் சொல்ல இங்கே ஆள் கிடையாது. ஜோசியரே திருப்பூரிலிருந்து வீடியோ காலில் சொல்வதாக ஏற்பாடு. போனைத் தேங்காய் மேல் சாய்த்து வைத்தால் சிக்னல் இல்லை. குச்சியில் கட்டினால் இல்லை. பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. அதன் மேல் ஏறி நின்று கையை மேலே தூக்கிப் பிடித்தால் மட்டும் இரண்டு கோடு வந்தது. ஆகவே என் வீட்டுக்காரர் பாறை மேல் நின்றார், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அபிநயா அக்கா என் காதில், “சிலையாட்டம் நிக்கறாரு, மாலைதான் இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

போனிலிருந்து, “ஓம்... பூ... வா... த்ஸவி...” என்று துண்டுதுண்டாக வந்தது. ஜோசியரின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. மயூரி இடது இடுப்பில், செங்கல் வலது கையில். நான் குழியோரம் நின்றேன்.

“லைன் வரட்டும்” என்றார் அய்யா. “மந்திரம் முடிஞ்சுதான் கல்லு. அதுவரைக்கும் கீழ வெச்சிராத அம்மிணி.”

அப்போதுதான் சத்தம் கேட்டது. டிப்பர் லாரி ஜல்லி கொட்டுமே, அந்தச் சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை. காலுக்கு அடியிலிருந்து வந்தது. கும்பத்துத் தண்ணீர் தளும்பி மாவிலை சரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மலை உச்சியில் நூல் இல்லை. சாம்பல் நிறத்தில் பெரிய காலிஃபிளவர் ஒன்று பூத்து, அதற்குள்ளிருந்து இன்னொன்று, அதற்குள்ளிருந்து இன்னொன்று என்று மேலே மேலே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் மயூரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஹோமப் புகை அதுவரை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நேராக நின்றது. பிறகு எங்கள் முகத்துக்கு வந்தது.

கீழே விமானம் வீறிட ஆரம்பித்தது.

மயூரி இருமினாள். இடுப்பில் அவள் வயிறு என் விலாவை இறுக்கி இறுக்கித் தளர்வது தெரிந்தது. இழுக்க ஆரம்பித்துவிட்டது.

“அய்யா, பாப்பாவுக்கு இழுக்குதுங்க. போலாமுங்க.”

“சித்த நேரங் கண்ணு. லைனு வந்துரும். இத்தன தூரம் வந்துட்டு முகூர்த்தத்த உட்டுட்டுப் போனா வம்சத்துக்கே ஆவாது.” சொல்லும்போதே இரண்டு தரம் மலையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயம்தான். அவருக்கு மலையைவிட அந்த நேரம் தப்பிப்போவது பெரிய பயமாக இருந்தது. இப்போது எழுதும்போது புரிகிறது.

பாறை மேலிருந்து வீட்டுக்காரர் கத்தினார். “தாரணி, பயப்படாத! நில்லு!”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். கை இன்னும் மேலேதான் இருந்தது.

“பயமாத்தானுங்க இருக்குது” என்றேன். “அதனாலதான் போறேன்.”

இவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதில்லை. ஆனால் செங்கல் கையில் இருந்தது. கீழே வைத்தால் என்ன ஆகுமோ, வைக்காமல் போனால் என்ன ஆகுமோ. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், மலை வெடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

அபிநயா அக்கா கையை நீட்டினாள். “குடு.”

வாங்கிக்கொண்டு போய்க் குழியில் குனிந்து, நிதானமாக, கோணல் இல்லாமல் வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“வெச்சாச்சு மாமா. கெளம்பலாம்.”

“நீயா...” என்றார் அய்யா.

“ஆமாங்க மாமா, நானேதான். கொழந்தையில்லாதவ வெச்ச கல்லு. இந்த மலை அதையெல்லாமா விசாரிக்கப் போகுது?”

அய்யாவின் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சாம்பல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டார். போகாமல் கோடாக இழுத்துக்கொண்டது. அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், சரிவில் ஓடினார்.

நான் மயூரியின் முகத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அக்கா நெபுலைசர் பையைத் தூக்கிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாறை மேல் நின்றவரைக் கூப்பிடவும் இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மூச்சு வாங்கியது, அதனால் இருக்கும்.

விமானப் படியில் கால் வைத்தபோது பின்னால் அவர் சத்தம் கேட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் போன். அதற்கு அப்போது பார்த்து லைன் கிடைத்திருந்தது. “கேக்குதுங்களா? அய்யா, கேக்குதுங்களா? இப்பக் கல்ல வைக்கலாமுங்க, சுபம்!” என்று ஜோசியர் கத்திக்கொண்டே இருந்தார்.

கேப்டன் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. கதவு மூடியது. ஜன்னலில் யாரோ விரல் நகத்தால் தட்டுகிற மாதிரி டிக் டிக் டிக் என்று விழுந்துகொண்டிருந்தது. விமானம் ஓடியது, ஓடியது, தளம் முடிந்து கடல் எதிரே வந்தது, கடைசியில் எழும்பியது. அக்கா மிஷினைச் செருகினாள். நான் மாஸ்க்கைப் பிடித்தேன். மயூரியின் உதடு ஊதா நிறம். ஒரு பக்க இன்ஜின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. எல்லாரையும் பார்த்தேன். எல்லார் கண்ணும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இந்தத் தடவை எனக்கு மட்டும் இல்லை.

வெகுநேரம் கழித்து முன்னாலிருந்து கேப்டன் குரல் வந்தது. “சரியாயிட்டு. இனிப் பயமில்ல.”

அய்யா கண்ணை மூடியிருந்தார். மூடியபடியே கேட்டார். “அம்மிணி, பாப்பாவுக்கு எப்படி?”

“இழுப்புக் கொறையுதுங்க அய்யா.”

தலையாட்டினார். இந்த ஊர் வரை அவர் பேசியது அவ்வளவுதான்.

பயந்தது: காற்று திரும்பும்.
நடந்தது: திரும்பியது.

நோட்டில் இப்படி ஒரு வரி எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 26, திங்கள். திருப்பூர்

துணி துவைத்தேன். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் கறுப்பு.

ஜனவரி 28, புதன்

மாமியார் வந்திருந்தார். “கல்லு வெச்சியா அம்மிணி?” என்றார். “அபிநயாக்கா வெச்சாங்க” என்றேன். “அய்யோ, அதான்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதான் மலை வெடித்தது என்று அர்த்தம். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அக்கா போன் செய்தாள். கேப்டன் விசாரித்துச் சொன்னாராம், தீவுக்காரர்கள் எல்லாரும் பெரிய தீவில் பத்திரமாக இருக்கிறார்கள். ஓடுதளத்தில் முழங்கால் அளவு சாம்பல். நாங்கள் பூசை செய்த சரிவு இப்போது எது என்றே தெரியவில்லையாம். “என்ற கல்லு அடியில இருக்குது. ஒருத்தரும் அசைக்க முடியாது” என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மயூரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டாள்.

மார்த்தா கொடுத்த இலை பையில் காய்ந்து கிடந்தது. எறிய மனம் வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனேன். நோட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “இனி என்ன எழுதச் சொல்றதுன்னு எனக்கே தெரியலம்மா” என்றார். மாத்திரை ஒன்று போதும் என்றார். ஒன்றுதான் போடுகிறேன் என்றேன்.

வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறேன், ஊருக்கு வந்த அன்றே. “இனிமே எனக்கு நடுங்குதுன்னு நான் சொன்னா, மொதல்ல தரையத் தொட்டுப் பாருங்க. அப்புறம் மாத்திரயக் கேளுங்க.” சரி என்றார். மன்னிப்பு என்கிற மாதிரி ஏதோ சொல்ல வந்தார். மயூரி அழுதாள், எழுந்து போய்விட்டேன்.

பயந்தது: அவர் “ஒண்ணுமில்ல” என்று சொல்லும்போதெல்லாம் இனி என்ன செய்வேன் என்று.

பிப்ரவரி 1, ஞாயிறு

அபிநயா அக்கா காலையில் வந்துவிட்டுப் போனாள். மயூரி அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். இந்தத் தடவை காலைத் தொட்டாள்.

மத்தியானம் நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் பாயில் படுத்திருந்தவர், “தாரணி!” என்று கூப்பிட்டார். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கரண்டியோடு ஓடினேன். மயூரி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பாயைவிட்டு இறங்கி, மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஆடுது” என்றார். “தரை ஆடுது தாரணி. பாப்பாவத் தூக்கு.”

பின்தெருவில் பனியன் மிஷின் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் நிறுத்தம். தொட்டில் அசையவில்லை. ஃபேன் தண்டு அசையவில்லை. நான் அடுக்களைக்குத் திரும்பி மயூரியின் டம்ளரில் பாதி தண்ணீர் பிடித்துவந்து அவர் கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

இருவரும் அதையே பார்த்தோம். தண்ணீரில் ஜன்னல் கம்பி நேராகத் தெரிந்தது. ஒரு வட்டமும் இல்லை. பக்கத்தில் அவர் விரல்கள் தரையில் தாளம் போடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பாறை மேல் போனைத் தூக்கிப் பிடித்திருந்த அதே கை.

“தரை இல்லீங்க” என்றேன். “நீங்கதான்.”

அவர் டம்ளரையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். நம்ப முடியாமல் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

மாத்திர போட்டீங்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் தரையில் கையை வைத்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. அவர் கை நிற்கும்வரை எடுக்கவில்லை.